கல்லும் பெயரும்: போர்ட்டிக்சன் வட்டாரத்து நினைவுச் சின்னங்களும் தோட்டத் தமிழரும்



வட்டார வரலாறு குறித்து உரையாற்றுமாறு மொழிக் கழகத்தார் பணித்தபோது, எங்கே தொடங்குவது என்று நாம் நெடுநேரம் தயங்கினோம். பின்னர் ஒரு வகுப்பறை நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன்னர் நெகிரி செம்பிலானின் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு அமர்ந்திருந்தோம். “உங்கள் ஊர்ப்பக்கம் பார்க்க வேண்டிய வரலாற்றுச் சின்னங்கள் எவை?” என்று கேட்டோம். கைகள் உயர்ந்தன. கலங்கரை விளக்கம் என்றான் ஒருவன். லுக்குட் கோட்டை என்றாள் ஒருத்தி. இராணுவ அருங்காட்சியகம் என்றது பின்வரிசை. “சரி, உங்கள் தோட்டத்தில்?” என்று கேட்டோம். வகுப்பு அமைதியாயிற்று. கடைசியில் ஒரு சிறுமி எழுந்து, “எங்கள் தோட்டத்தில் ஒன்றும் இல்லை ஐயா” என்றாள்.

அந்தச் சிறுமியின் விடை பிழையானது. ஆயினும் பிழை அவளுடையது அன்று. அவளுக்குச் சொல்லாமல் விட்ட நம்முடையது. அந்த விடையைத் திருத்தும் முயற்சியே இன்றைய உரை.

ஊரைச் சுற்றியுள்ள சின்னங்கள்

போர்ட்டிக்சன் ஒரு சிறிய மாவட்டத் தலைநகர். ஒருகாலத்தில் இங்கே கரி எரித்து விற்றதால் மலாய் மக்கள் இவ்விடத்தை ‘ஆராங்’ என்று அழைத்தனர். பின்னர் நீரிணைக் குடியேற்றங்களின் குடியேற்றச் செயலாளராக இருந்த சர் ஜான் பிரடரிக் டிக்சனின் பெயர் துறைமுகத்துக்குச் சூட்டப்பட்டது. கரி எரித்தவர்களின் பெயர் மறைந்து அதிகாரியின் பெயர் நின்றது. பெயர்களைப் பற்றிப் பின்னர் பேசவிருக்கிறோம். அதனால் இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வட்டாரத்தின் மிகப் பழைய சின்னம் ஊருக்குள் இல்லை. லிங்கி வட்டாரத்தில், பெங்காலான் கெம்பாஸ் என்னும் சிற்றூரில் இருக்கிறது. அங்கே செதுக்கப்பட்ட நெடுங்கற்கள் நிற்கின்றன. அவற்றின் வடிவத்தைப் பார்த்து மக்கள் வாள், அகப்பை, சுக்கான் என்று பெயரிட்டிருக்கிறார்கள். வாள் என்னும் கல்லில் ‘அல்லாஹ்’ என்னும் சொல் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. இக்கற்களை உயிருள்ள கற்கள் என்றும், அவை வளர்கின்றன என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அருகில் துளையுள்ள கல்தூண் ஒன்று உண்டு. பொய் சொல்பவன் அத்துளையில் கையை நுழைத்தால் கல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது வழக்கு. அங்கேயே ஷேக் அகமட் மஜ்னுன் என்பாரின் கல்லறையும், எழுத்துப் பொறித்த தூணும் உள்ளன. ஹிஜ்ரி 872, அதாவது பொது ஆண்டு 1467–68 என்னும் காலக்குறிப்பு அதில் காணப்படுகிறது. மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலம் அது.

இத்தூணில் தமிழ் மாணவர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதில் இருவகை எழுத்துகள் உள்ளன. ஒன்று அரபு வழிவந்த ஜாவி. மற்றொன்று காவி. சாவகத்திலும் சுமத்திராவிலும் வழங்கிய காவி எழுத்து, பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. காஞ்சியிலும் மாமல்லபுரத்திலும் கல்லில் ஏறிய எழுத்தின் வழித்தோன்றல், கடல் கடந்து உருமாறி, நம் தோட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியாரின் கல்லறைத் தூணில் நிற்கிறது. பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்று காணத்தக்க தொலைவில் இத்தகைய பாடநூல் இருக்கிறது. நம் பள்ளிகளில் எத்தனை அதைத் திறந்து பார்த்திருக்கின்றன?

அடுத்தது லுக்குட். 1847-ஆம் ஆண்டில் ராஜா ஜுமாஅட் அங்குள்ள குன்றின்மேல் கோட்டை கட்டினார். ஈயலம்பங்களின் வருவாயைக் காப்பதும், கப்பல் வரும் வழியைக் கண்காணிப்பதும் அதன் நோக்கம். 1864-இல் அவர் மறைந்தார். அதன்பின் லுக்குட்டின் செழிப்பும் குன்றியது. அகழியும் மண்மேடும் பழைய அடித்தளங்களும் இன்றும் அங்கே உள்ளன. குன்றின் அடிவாரத்தில் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

கடலோரமாகத் தெற்கே சென்றால் தஞ்சோங் துவான். ஆட்சி எல்லைப்படி இம்முனை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் போர்ட்டிக்சனைக் கடந்துதான் அங்குச் செல்ல இயலும். 1606-இல் இம்முனையை ஒட்டிய கடலில் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் போரிட்டனர். இன்றுள்ள கலங்கரை விளக்கம் 1863-இல் எழுப்பப்பட்டது. ஊருக்கு அருகிலுள்ள இராணுவ அருங்காட்சியகமோ, 1933 மார்ச் முதல் நாள் இங்கே இருபத்தைந்து வீரர்களோடு தொடங்கிய மலாய்ப் படைப்பிரிவின் வரலாற்றைச் சொல்கிறது.

மாநிலத்தின் உட்பகுதியில் மேலும் பல உண்டு. ஆணி அடிக்காமல் மரப்பொருத்துகளாலேயே எழுந்து, 99 தூண்களோடு 1908-இல் நிறைவுற்ற ஸ்ரீமெனாந்தி அரண்மனை அவற்றுள் தலையாயது. கோலப்பிலாவில் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டு மார்ட்டின் லிஸ்டரின் நினைவாகச் சீனச் சமூகத்தார் எழுப்பிய தோரண வாயில் நிற்கிறது. கெமெஞ்சே பாலத்தருகே, 1942 ஜனவரி 14-இல் ஜப்பானியரை மறித்துத் தாக்கிய ஆஸ்திரேலியப் படையினருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

அரசர்க்கு அரண்மனை, தலைவர்க்குக் கோட்டை, அருளாளர்க்குக் கல்லறை, அதிகாரிக்குத் தோரணம், படைவீரர்க்குக் கல். இவை அனைத்தும் போற்றத் தக்கவை. இவற்றில் எதையும் குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் இந்நிலத்தைக் காடு வெட்டித் திருத்தி, மூன்று நான்கு தலைமுறை மரம் சீவி வாழ்ந்தவர்களுக்கு இப்பட்டியலில் ஒரு வரி உண்டா என்று கேட்பது நம் உரிமை.

ஒரு கல் எப்போது நினைவுச் சின்னம் ஆகிறது?

இக்கேள்விக்கு நம் இலக்கண நூலே விடை வைத்திருக்கிறது. போரில் பட்ட வீரனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. கல்லைக் கண்டு தேர்வதில் தொடங்கி, அதைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, இறுதியில் வாழ்த்துவதில் அம்முறை முடிகிறது. கல்லை நட்ட அளவில் பணி நிறைவுறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். வாழ்த்தும்போதுதான் அது நிறைவுறுகிறது. வாழ்த்து என்பது சொல். இவன் இன்னான், இன்ன ஊரினன், இன்ன செய்தான் என்று எடுத்துரைப்பது. அச்சொல் இல்லையேல் நட்ட கல் வெறும் கல்லாகவே நிற்கும்.

தமிழர் கடல் கடந்த இடங்களில் கல்லும் சொல்லும் விட்டுச் சென்றதற்குச் சான்றுகள் உண்டு. சுமத்திராவின் பாருஸ் பகுதியில் தமிழ் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் அதற்கும் முற்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று, குளம் ஒன்றைக் குறித்தும் அதைக் காத்தவர்களைக் குறித்தும் பேசுகிறது. வந்து வணிகம் செய்து திரும்பிய சிலர் ஆயிரம் ஆண்டு நிலைக்கும் எழுத்தைப் பொறித்தார்கள். வந்து, உழைத்து, இங்கேயே மண்ணான பல்லாயிரவரோ எழுத்துப் பொறிக்கவில்லை. வணிகனிடம் பொருளும் கற்றச்சனும் இருந்தனர். தோட்டத் தொழிலாளியிடம் உளி இருந்தது. அது பால் வெட்டும் உளி.

எனினும் அவர்கள் ஒன்றும் விட்டுச் செல்லவில்லை என்று சொல்வது பிழை. அவர்கள் விட்டுச் சென்றவற்றைப் படிக்க நாம் பழகவில்லை என்பதே சரி.

தோட்டத்தின் சின்னங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரத்தில் முதலில் காப்பிப் பயிர் வந்தது. 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, ஈயத்தையும் பின்னர் ரப்பரையும் துறைமுகத்துக்குச் சுமந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, காடுகள் அழிந்து பால்மரங்கள் வரிசை கட்டின. ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலி முறையாலும் கங்காணிகள் வழியாகவும் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். 1907-இல் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910-இல் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையும் நிதியுதவிப் பயணமும் தொடர்ந்தன. 1938-இல் இந்திய அரசு உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றத்தை நிறுத்தியது. இந்த ஆண்டுகளுக்கு இடையில்தான் நம்முள் பெரும்பாலோரின் கொள்ளுப்பாட்டனும் பூட்டியும் கப்பலில் வந்து இறங்கினார்கள்.

அவர்கள் வாழ்ந்த தோட்டத்தில் ஐந்து இடங்களை நாம் வரலாற்றுச் சின்னம் என்றே கொள்ள வேண்டும்.

முதலாவது, பெரட்டுக்களம். விடியுமுன் தொழிலாளர் கூடிப் பெயர் கூப்பிடப்பட்டு வேலைக்காட்டுக்குப் பிரிந்த திடல் அது. கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தில் பெயர் ஏறினால்தான் அன்றைக்குக் கூலி. தாமதமாக வந்தவர் திருப்பி அனுப்பப்பட்டார். கோட்டையின் முற்றத்தில் படை அணிவகுத்த இடத்தைக் காட்டுகிறோம் அல்லவா? நாள்தோறும் அணிவகுத்த மற்றொரு படையின் இடம் இது.

இரண்டாவது, லயம். வரிசை வீடுகளில் பல இன்று இடிபட்டுவிட்டன. ஆனால் செம்பனைக் காட்டுக்குள் நடக்கும்போது, திடீரென ஒரு முருங்கை மரமோ கறிவேப்பிலைச் செடியோ வேம்போ நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவை தாமே முளைத்தவை அல்ல. யாரோ ஓர் அம்மை வாசலில் நட்டவை. அம்மரம் நிற்கும் இடத்தில் வீடு இருந்தது என்று நாம் துணிந்து எழுதலாம். தொல்லியலார் பானை ஓட்டைக் கொண்டு ஊரைக் காண்பது போலவே இதுவும்.

மூன்றாவது, கோயில். பெரும்பாலான தோட்டக் கோயில்கள் மரத்தடிக் கல்லாகவோ நட்ட சூலமாகவோ தொடங்கியவை. முனீஸ்வரர், காளியம்மன், மாரியம்மன் என ஊரிலிருந்து நெஞ்சில் சுமந்து வந்த தெய்வங்கள் அவை. தொல்காப்பியம் சொன்ன நிலைகளை அத்தொழிலாளர் படித்ததில்லை. ஆயினும் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, உடுக்கை அடித்து வாழ்த்தினார்கள். மரபு ஏட்டின் வழியாக அன்றிக் கையின் வழியாகக் கடல் கடந்ததற்கு இதைவிடச் சான்று எது?

நான்காவது, இடுகாடு. இங்கேதான் நம் நெஞ்சு கனக்கிறது. பெங்காலான் கெம்பாஸ் கல்லறையில் பெயரும் ஆண்டும் உள்ளன. நம் தோட்டத்து இடுகாட்டில் பெரும்பாலான மேடுகளுக்கு எழுத்தில்லை. மலேரியாவிலும் பேறுகாலத்திலும் மாண்டவர்கள், வந்த சில ஆண்டுகளிலேயே மாண்டவர்கள், ஊருக்குத் திரும்பும் கனவோடு மாண்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள்.

ஐந்தாவது, பள்ளி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்றது. சட்டத்தை நிறைவேற்ற ஒரு கொட்டகை போதுமானதாக இருந்தது. காலையில் ஆயாக்கொட்டகையாகவும் பிறகு பள்ளியாகவும் பயன்பட்ட இடங்கள் உண்டு. கிராணியாரே வாத்தியாராக நின்ற தோட்டங்களும் உண்டு. அந்தக் கொட்டகைகளின் வழித்தோன்றல்களே இன்று நெகிரி செம்பிலானில் உள்ள 60-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் மிகப் பல.

கல்லில்லாத இறப்புகள்

ஒரு சின்னத்தைக் குறித்துத் தனியே பேச வேண்டும். ஏனெனில் அது இருந்த இடத்தில் இப்போது இல்லை. தம்பினுக்கும் மலாக்காவுக்கும் இடையே ஒரு கிளை இரயில் பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாம்–பர்மா இரயில் பாதைக்காகக் கொண்டு செல்லப்பட்டன. தண்டவாளங்கள் சென்ற அதே திசையில் நம் மக்களும் கொண்டு செல்லப்பட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, வேலையும் அரிசியும் இன்றித் தவித்த தோட்டங்களிலிருந்து ஆள் சேர்க்கப்பட்டது. நல்ல கூலி என்று சொல்லிச் சிலரை அழைத்தார்கள். வேறு சிலரை வழியிலும் திரையரங்கிலும் வளைத்து லாரியில் ஏற்றினார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில், மலாயாவிலிருந்து சென்ற தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். காலராவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன.

காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெரிய கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ 7,000 பேருக்கு அங்கே இடம் ஒதுக்கி, கல்லெழுத்தோடு பராமரிக்கிறார்கள். நம்மவர்க்கு நெடுங்காலம் அப்படி எதுவும் இல்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர் அ. ரெங்கசாமி, சயாம் மரண இரயில் குறித்து எழுதிய நாவலுக்கு ‘நினைவுச் சின்னம்’ என்று பெயரிட்டார். கல் நாட்டுவார் இல்லாத நிலையில், எழுத்தாளர் நூலை நாட்டினார் என்றே நாம் அதைப் புரிந்துகொள்கிறோம். அண்மை ஆண்டுகளில் காஞ்சனபுரியில் அத்தமிழர்க்கென நடுகல் ஒன்றும் எழுந்துள்ளது. எண்பது ஆண்டுகள் கழித்தேனும் கல் வந்தது. ஆயின் எந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் சென்றார்கள் என்னும் வாழ்த்து இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டிய ஏடுகள் தோட்ட அலுவலகங்களிலும் பள்ளிகளிலும்தான் இருந்தன.

பெயர் மட்டும் எஞ்சும்போது

விடுதலைக்கு முன்னும் பின்னும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் வெளியேற்றத்துக்கு அஞ்சிய அக்காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். எனினும் மாற்றம் நிற்கவில்லை. ரப்பர் செம்பனையாயிற்று. செம்பனை வீடமைப்புத் திட்டமாயிற்று. இன்று நீலாய், செண்டாயான் பக்கம் செல்பவர் பழைய தோட்டத்தின் சுவட்டைக் காண்பது அரிது.

அங்கே எஞ்சுவது எது? பள்ளியின் பெயர். லின்சம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுவா பெத்தோங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, பிரேட்வால் தோட்டத் தமிழ்ப்பள்ளி, தானா மேரா தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பலகையில் எழுதியிருக்கிறோம். தோட்டம் போனாலும், பள்ளியே வேறிடத்துக்கு மாறினாலும், பெயர்ப்பலகையில் ‘தோட்டம்’ என்னும் சொல் நிற்கிறது. சிலர் இதைக் குறையாகக் கருதுகிறார்கள். நகரப் பெயராக மாற்றினால் மதிப்பு உயரும் என்கிறார்கள். அவர்கள் உள்ளத்தை நாம் பழிக்கவில்லை. பிள்ளைகள் தாழ்வாக எண்ணப்படக் கூடாது என்னும் பரிவே அது. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். ஆராங் என்னும் பெயர் போனபோது கரி எரித்தவர்களின் நினைவும் உடன் போயிற்று. தோட்டம் இருந்தது என்பதற்குப் பொதுவெளியில் எஞ்சிய எழுத்துச் சான்று அப்பலகை ஒன்றுதான். அதுவே நம் கல்வெட்டு. அதை அழித்துவிட்டு வேறு எதைக் கொண்டு நிறுவப் போகிறோம்?

இங்கே எங்கள் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல நேர்கிறது. நாங்கள் படித்த தோட்டப் பள்ளி புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. அன்று பழைய மாணவர்கள் நாற்காலி சுமக்கப் போயிருந்தோம். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒழுகாத கூரை, கணினி அறை, திடல். மாலையில் பழைய கட்டடத்தின் பின்புறம் புகை எழுந்தது. அலமாரியில் இருந்த பழைய ஏடுகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். கறையான் அரித்தவை, இடத்தை அடைக்கும் என்றார்கள். ஓடிச் சென்று குச்சியால் இழுத்ததில் பாதி எரிந்த சேர்க்கைப் பதிவேடு ஒன்று கையில் வந்தது. போருக்கு முந்திய ஏடு அது. மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த இடம், லயத்தின் எண், பள்ளியை விட்டு நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று கட்டம் கட்டமாக அழகிய கையெழுத்து. நீங்கிய காரணம் என்னும் கட்டத்தில் வேலைக்குச் சென்றான், ஊர் திரும்பினர், இறந்தாள் என்று எழுதியிருந்தது. எங்கள் பாட்டியின் பெயர் இருக்குமா என்று தேடினோம். அவர் படித்த ஆண்டின் பக்கங்கள் சாம்பலாகியிருந்தன.

யாரையும் குற்றம் சொல்ல இதை இங்கே சொல்லவில்லை. எரித்தவர்களும் நம்மவர்களே, அன்று நாற்காலி சுமந்த நாங்களும் அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. அந்த ஏடு வரலாறு என்று நமக்கு யாரும் கற்பித்ததில்லை. கோட்டைச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்தால் குற்றம் என்று அறிந்திருந்த நாம், ஒரு தலைமுறையின் பெயர்களை எரிப்பது இழப்பு என்று அறிந்திருக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டுவன

இந்நாட்டில் 1976-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறாண்டு பழைமையுடையதையே பழைமைச் சின்னம் என்றது. அதற்குப் பின்வந்த 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் பார்வையை விரித்தது. கட்டடமும் கல்லும் மட்டுமன்றி, பாட்டும் கூத்தும் வழக்கமும் மரபுடைமை ஆகலாம் என்று ஏற்றது. குடிமக்கள் எவரும் ஒன்றை மரபுடைமையாக முன்மொழியலாம் என்றும் இடமளித்தது. கதவு மூடியிருக்கிறது என்று நாம் வாளா இருத்தல் இயலாது. ஆனால் முன்மொழிபவர் கையில் சான்று வேண்டும். சான்றைத் திரட்டுதல் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பள்ளி அலமாரியை முதலில் திறந்து பாருங்கள். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, பள்ளிக் குறிப்பேடு, பழைய நிழற்படம் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். மூல ஏட்டைத் துணியில் சுற்றி, ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள். இடம்பெயரும் நாளில் நாற்காலிக்கு முன்னர் அப்பெட்டி செல்லட்டும். அவ்வேடுகளில் தனி மனிதரின் குடும்பச் செய்திகள் இருக்கும். அவற்றைப் பொதுவில் வெளியிடுமுன் உரியவரின் ஒப்புதலைப் பெறுவது நம் கடமை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று பணிகள். ஒன்று, வரைபடம். உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ அமர்த்தி, தோட்டத்தில் பெரட்டுக்களம் எங்கே, கிணறு எங்கே, பால் கொட்டகை எங்கே, கோயில் எங்கே, இடுகாடு எங்கே என்று கேட்டு ஒரு தாளில் வரையுங்கள். இரண்டு, பெயர்கள். பிரேட்வால், ஆதர்டன் என்று கம்பெனி ஆங்கிலப் பெயர் வைத்திருக்கும். தொழிலாளரோ துரையின் பெயராலும் கங்காணியின் பெயராலும் மரத்தின் பெயராலும் தமக்குள் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள். அப்பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. அவற்றை அறிந்தவர் மறைந்தால் உடன் மறையும். மூன்று, சொற்கள். காண்டா, மங்கு, ஒட்டுப்பால், நிரை, மண்டோர் என்பன போன்ற தோட்டத்துச் சொற்களைப் பொருளோடு குறித்து வையுங்கள். இவற்றில் மலாய் உண்டு, ஆங்கிலம் உண்டு, ஊர்த்தமிழ் உண்டு. நம் மக்கள் யாரோடெல்லாம் வாழ்ந்தார்கள் என்பதை ஒவ்வொரு சொல்லும் சொல்லும். மொழிக் கழகத்தின் மேடையில் நின்று இதை வலியுறுத்துவது நமக்குப் பொருத்தமே.

இன்னொன்றும் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் கலங்கரை விளக்கத்துக்கும் லுக்குட்டுக்கும் பெங்காலான் கெம்பாஸுக்கும் கட்டாயம் செல்லுங்கள். மலாய்ச் சமூகத்தின் சின்னமும் சீனச் சமூகத்தின் சின்னமும் நம் நாட்டின் சின்னங்களே. ஆனால் திரும்பி வரும் வழியில் பேருந்தை அரைமணி நேரம் ஒரு தோட்டத்து இடுகாட்டின் அருகே நிறுத்துங்கள். பிள்ளைகள் இறங்கிப் புல்லை விலக்கிப் பார்க்கட்டும். அந்த மண்மேட்டைக் காட்டி, இவர்களும் இந்நாட்டைக் கட்டினார்கள் என்று ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்லட்டும். ஆறாம் நிலையாகிய வாழ்த்து அப்போது நிறைவேறும்.

தொடக்கத்தில் சொன்ன சிறுமியிடம் நாம் திரும்பச் சென்றோம். அவள் பள்ளியின் பின்புறம் செம்பனைகளுக்கு இடையே ஒரு பழைய முருங்கை நின்றது. “இதை யார் நட்டிருப்பார்கள்?” என்று கேட்டோம். தெரியாது என்றாள். வீட்டில் கேட்டு வருமாறு சொன்னோம். மறுவாரம் வந்தாள். அவள் கொள்ளுப்பாட்டி குடியிருந்த லயத்தின் கடைசி வீடு அந்த இடத்தில்தான் இருந்ததாம். மரத்தை நட்டவர் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லையாம். ஆனால் அந்த லயத்தில் குடியிருந்த ஆறு குடும்பங்களின் பெயர்களைப் பாட்டி சொல்லச் சொல்ல எழுதி, கோடிட்ட தாளில் கொண்டுவந்திருந்தாள். அத்தாளை வாங்கி வகுப்பில் உரக்கப் படித்தோம். படித்து முடித்ததும் அவள் ஆசிரியர் அதைப் பள்ளிக் குறிப்பேட்டில் ஒட்டி, நாள் குறித்துக் கையெழுத்திட்டார்.

உங்கள் பள்ளிகளிலும் அத்தகைய தாள்கள் சேரட்டும்.